சாம்பல் நிறத் தாள்

ஜூலை 8, திங்கள்

கருப்பட்டி,

இந்த டைரி நீ ஜனவரியில் உன் வேலை இடத்திலிருந்து, அந்தக் கலர் லேபிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. "யம்மா, அஞ்சாங்கிளாஸ் படிச்சதையாவது மறந்துராத. தினமும் நாலு வரி எழுது" என்றாய். ஆறு மாதம் ஒரு வரி எழுதவில்லை. பீரோ மேல் கிடந்தது, அதன்மேல் சீப்பு கிடந்தது. இன்றைக்குத்தான் தூசி தட்டித் திறக்கிறேன். உன்னிடம் பேச எனக்கு வேறு இடம் இல்லை.

நேற்றோடு உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. இன்று பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். "இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வந்தா என்ன சொர்ணம்?" என்று சத்துணவு டீச்சர் கேட்டார். வீட்டில் இருந்து என்ன செய்ய? பூசணிக்காய் நறுக்கினேன். அரிசி களைந்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "ஆயா ஏன் பொட்டு வைக்கல?" என்று கேட்டது. உன் அப்பா போனபிறகு நான் பொட்டு வைப்பதில்லை, இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதுக்கு இன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

சாயங்காலம் உன் தவசி மாமா வந்தார். முப்பதாம் நாள் இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறதாம். அன்றைக்குப் படத்திறப்பு. "அந்தப் படத்தை எடு. பெருசாப் போட்டு சட்டம் அடிக்கணும்" என்றார். கல்யாணத் தரகர் கையில் கொடுப்பதற்காக எடுத்தோமே, அந்தப் படம். கண்ணீர் அஞ்சலி பேனரிலும் அதைத்தான் போட்டார்.

"அது வேண்டாண்ணே."

"வேற எது இருக்கு?"

வேறு இல்லை. உன் போனும் கைப்பையும் பஸ் இடித்த அன்றைக்கு அந்தக் கூட்டத்திலேயே போய்விட்டன. ஆதார் அட்டையில் இருப்பது முகமே இல்லை. லேப் அடையாள அட்டையில் இருப்பது நகத்தளவு. பத்தாம் வகுப்புப் படத்தில் நீ குழந்தை.

"பேனர்ல மகாலட்சுமி மாதிரி இருந்தான்னு ஊரே சொல்லுச்சு. இப்ப என்ன அதுக்கு?"

நான் காப்பி போடுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

மழை இல்லை. குழாயில் தண்ணீர் வந்தது. பிடித்து வைத்தேன். இரண்டு குடம் அதிகம். பழக்கம்.

ஜூலை 10, புதன்

அரை நாள் லீவு சொல்லிவிட்டு டவுனுக்குப் போனேன். அந்தப் பஸ் ஸ்டாப்பில் இறங்கவில்லை. முந்தின ஸ்டாப்பில் இறங்கி நடந்தேன்.

லேபில் உன் நாற்காலி காலியாக இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் ஜாஸ்மின். உன்னோடு நாலு வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட பிள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மோர் வாங்கிக் கொடுத்தாள்.

பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து நீட்டினேன். "இதைக் கருப்பாக்கித் தாம்மா."

அவளுக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்லுதீய?"

"பவளா என்ன நெறத்துல இருந்தாளோ அந்த நெறத்துக்குக் கொண்டுவா."

"நான் வேலைக்குச் சேந்து ஆறு வருசம் ஆச்சும்மா. வெளுக்கச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க. கருக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்."

படத்தை ஸ்கேன் செய்து திரையில் கொண்டுவந்தாள். கன்னத்தில், நெற்றியில், கழுத்தில் நிழல் ஏற்றினாள். அதற்கு 'பர்ன்' என்று பெயராம். எரிக்கிறது என்று அர்த்தமாம். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

"இந்த நெறம் சரியாம்மா?"

கரி அப்பின மாதிரி இருந்தது. குறைக்கச் சொன்னேன். குறைத்தாள். அழுக்குப் படிந்த மாதிரி இருந்தது. கூட்டச் சொன்னேன். அது யாரோ ஒரு பிள்ளை.

"உடைச்ச கருப்பட்டி இருக்கும்லா, அது மாதிரிம்மா" என்றேன்.

"உடைச்ச கருப்பட்டிக்குள்ள ஒரு வெளிச்சம் இருக்கும்மா. அதுதான் இதுல வர மாட்டேங்குது. மேல பூசின வெளுப்பும் படமும் ஒண்ணா ஒட்டிப் போய் பிரிண்ட் ஆயிருச்சு. ஒட்டுனதப் பிரிக்க முடியாது."

பெற்றவள் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இதுதான் என் மகள் நிறம் என்று கை வைத்துச் சொல்லத் தெரியவில்லை. உன்னை நான் நிறம் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று!

கிளம்பும்போது ஜாஸ்மின் வேறொன்று சொன்னாள். அடக்கத்தன்று லேபிலிருந்து எட்டுப் பேர் வேனில் வந்தார்களாம். முக்கில் நின்ற பேனரைப் பார்த்து, வேறு யாரோ இறந்திருக்கிறார்கள் என்று தாண்டிப் போய்விட்டார்களாம். டீக்கடையில் விசாரித்துத் திரும்பி வந்தார்களாம். "கீழ இருந்த பேரைக்கூட நாங்க படிக்கலம்மா. மொகத்தைப் பாத்ததும் நம்ம பவளா இல்லன்னு போயிட்டோம். அவ வெளுத்த படம்னு எனக்கே அப்பத் தோணல."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் படத்தைப் பையின் அடியில் திணித்தேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

ஜூலை 12, வெள்ளி

இன்று முட்டை நாள். உரித்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன். வெள்ளை வெளேரென்று.

ஜூலை 13, சனி

பள்ளிக்கூடம் லீவு. உன் துணிகளை மடித்தேன். பச்சைச் சுடிதாரின் பையில் ஒரு பஸ் டிக்கெட்டும் மிட்டாய்த் தாளும் இருந்தன. திரும்ப அதிலேயே வைத்துவிட்டேன்.

நீ பிறந்தபோது உன்னைக் கையில் வாங்கின நர்சம்மா, "கருத்தக் குட்டி, களையான குட்டி" என்றாள். கருப்பட்டி என்று பேர் வைத்துவிட்டேன். தெரு முழுக்க அந்தப் பேர்தான். பவளச்செல்வி என்பது ரேஷன் கார்டில் மட்டும். உனக்கு இருபத்தொன்று முடிந்து மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, தரகர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மொதல்ல அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறத நிறுத்து" என்றார். நிறுத்திவிட்டேன். நீ ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு பச்சைப்பயறு மாவு. பிறகு கிரீம். வெயிலில் துணி காயப்போட விடவில்லை. யார் கேட்டாலும், "மாநிறம். நல்ல நெறம்தான். வெயில்ல போய்ட்டு வந்ததால அப்படித் தெரியுது" என்பேன். ஏப்ரலில் பெண் பார்க்க வந்தார்களே உடன்குடிக்காரர்கள், படத்தையும் உன்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்களே, அவர்களிடமும் அதைத்தான் சொன்னேன். நீ அதிரசத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாய். யோசிக்காமலே வாயில் வருகிற அளவுக்கு அந்தப் பேச்சு எனக்குப் பழகிவிட்டது.

படம் எடுத்த அன்றைக்கு ஞாபகம் இருக்கிறதா? "கொஞ்சம் வெளுப்பாப் போடு" என்றேன்.

"எதுவரைக்கும் வெளுக்கணும்? கேரளா வரைக்குமா, காஷ்மீர் வரைக்குமா?" என்று சிரித்தாய்.

"காஷ்மீர்" என்றேன்.

நான் சிரிக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

தவசி மாமா சட்டத்துக்கு அளவு கொடுத்துவிட்டாராம். படத்தை வாங்கிப் போக வந்தார். நான் கொடுக்கவில்லை. சண்டை.

"ஏளா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? இருக்கும்போது வெளுக்க வச்ச. செத்தபெறகு கருக்க வைக்கப் போறேங்கிற. கடைசி தடவை எல்லாரும் பாக்கப்போற படம். அதுலயாவது புள்ள அழகா இருக்கட்டும்."

"அவ அழகாத்தான் இருந்தா."

"அப்ப அதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

சொல்லிவிட்டு அவரே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். தப்பாகச் சொல்லவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு மிளகாய் கிள்ளினேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஜாஸ்மின் போன் பண்ணினாள். உன் சிஸ்டத்தில் தேடினாளாம். அந்தப் படத்தைப் பிரிண்ட் போடுவதற்கு முன்னால் நீ செய்து வைத்திருந்த பைல் அப்படியே இருக்கிறதாம். "ஒட்டாத படம் இருக்கும்மா. நாளைக்கு வாங்க."

ஒட்டாத படம். அது என்ன என்று ராத்திரிச் சோறு வடிக்கும்போதெல்லாம் நினைத்தேன். சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 17, புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும். நீ செய்த வேலையைப் பற்றி இத்தனை வருஷம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

திரையில் வலது ஓரமாகச் சின்னச் சின்னப் பெட்டிகள் இருந்தன. அடிப்பெட்டியில் உன் முகம். அதற்கு மேல் பெட்டியில் வெறும் சாம்பல் நிறம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கண் வரைந்திருக்கிறது.

"அடியில இருக்கது அசலும்மா. பவளா அதுல கையே வைக்கல. அதுமேல சாம்பல் நெறத்துல ஒரு தாள் விரிச்சிருக்கா. அந்தச் சாம்பல் கண்ணுக்குத் தெரியாத மாதிரி வச்சிருவோம். தாள்ல வெள்ளையத் தடவுனா கீழ இருக்க மொகம் வெளுக்கும். கருப்பத் தடவுனா கருக்கும். எல்லாம் தாள் மேலதான்."

"தாளை எடுத்துட்டா?"

"அசல் அப்படியே இருக்கும். ஒரு மயிரிழை கெடாது. அந்தக் கண்ணு மேல ஒரு தட்டுத் தட்டுங்க."

மவுஸைப் பிடித்துப் பழக்கம் இல்லை. அவள் என் கைமேல் கை வைத்துக் கொண்டுபோனாள். தட்டினேன். சாம்பல் தாளின் கண் மூடிக்கொண்டது.

நீ வந்துவிட்டாய்.

கருப்பட்டி, நீதான். எண்ணெய் மினுங்கின நெற்றி. தாடைக்குக் கீழே பனைமட்டை கிழித்த தழும்பு. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற உதடு. உடைத்த கருப்பட்டிக்குள் இருக்கிற அந்த வெளிச்சம். திரையைத் தொட்டுவிட்டேன்.

மறுபடி தட்டினேன், கண் திறந்தது, நீ போய்விட்டாய். தட்டினேன், வந்தாய். எத்தனை தடவை என்று தெரியாது.

பிறகு ஜாஸ்மின் உன் முகத்தை மறைத்துவிட்டுச் சாம்பல் தாளை மட்டும் காட்டினாள். மாவுக் கையால் தொட்டுத் தொட்டு வைத்த சுவர் மாதிரி இருந்தது. நெற்றி, மூக்குத் தண்டு, கன்னம், கண்ணுக்குக் கீழே, எல்லா இடத்திலும் வெள்ளை. முகம் இல்லை. ஆனால் முகம் மாதிரி.

"ஒரு தடவைக்கு பிரஷ்ஷ அஞ்சு பர்சென்ட்லதாம்மா வைப்பா. லேசா, லேசா. இதுக்கு ஒரு இருநூறு தடவையாவது தடவியிருப்பா."

உன் முகத்தை நீயே இருநூறு தடவை. நான் சொன்னேன் என்று.

அந்தத் தாளுக்கு ஒரு பேர் எழுதியிருந்தாய். ஜாஸ்மின் படித்துக் காட்டுவதற்குள் நானே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். 'அம்மாவுக்கு.'

"இன்னொண்ணு பாருங்க" என்று ஜாஸ்மின் வெளுத்த படத்தைப் பெரிதாக்கினாள். இடது காது. ஜிமிக்கிக்குப் பின்னால் காது மட்டும் வெளுக்கவில்லை. அதன் நிறத்திலேயே இருந்தது. "வேணும்னே விட்டாம்மா. அம்மா இதைக் கண்டுபிடிக்காளான்னு பாக்கேன், கண்டுபிடிச்சு இது என் புள்ள நெறம் இல்லன்னு சொன்னா அன்னைக்கே தாளை எடுத்துருவேன்னு எங்கிட்டச் சொன்னாம்மா."

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் படம் என் பெட்டியில் இருந்தது. எத்தனை பேருக்கு எடுத்துக் காட்டினேன். காதை நான் பார்க்கவே இல்லை.

"நாளைக்கே யாராவது வந்து அசல் வேணும்னு கேட்டா என்ன சொல்லுவன்னு எங்களை எல்லாம் வைவா. ஒரு படத்துலயும் அசலைத் தொட மாட்டா" என்றாள் ஜாஸ்மின். அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, நான் சனிக்கிழமை காலையில ஆஸ்பத்திரியில, லேப்ல கெடந்த பவளா அடையாள அட்டையைக் காட்டுன ஒடனே நர்சு கண்டுபிடிச்சிட்டாங்க. விடியக்காலம்தான் உயிர் போச்சுன்னாங்க. வெள்ளிக்கிழமை பதினோரு மணிவாக்குல ஒரு தடவை கண்ணு முழிச்சாளாம். வாசப் பக்கமாப் பாத்தாளாம். நீங்க வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

வேலைக்குப் போனேன். சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். பிள்ளைகள் சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பஸ் இடித்த அந்த வியாழக்கிழமை நீ வீட்டுக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெட்டியில் இருந்த அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மாமாவோடு பைக்கில் டவுனுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமா பைக்கை நிறுத்தப் போனார். நான் மட்டும் உள்ளே ஓடினேன். சுவர்க் கடிகாரத்தில் பதினோரு மணி அடிக்கப் போகிறது.

விபத்துப் பிரிவு அறைக்குள்ளே யாரையும் விடவில்லை. வாசலில் ஒரு பச்சைத் திரைதான் தொங்கியது. ஒரு நர்சம்மா வெளியே வந்து என் கையில் இருந்த படத்தை வாங்கிப் பார்த்தாள். நல்ல பொம்பளை. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

"நேத்து சாயங்காலம் ஒரு புள்ளையக் கொண்டு வந்தாங்க. தலையில அடி. பேரு ஊரு தெரியல" என்றாள். படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "இது செவத்த புள்ளையால்லா இருக்கு? உள்ள இருக்கது நல்ல கருப்பு. மொகம் வேற வீங்கியிருக்கு. என்ன சுடிதார் போட்டிருந்துச்சு ஒங்க புள்ள?"

எனக்குத் தெரியவில்லை. காலையில் நீ உடுத்துவதற்கு முன்னாலேயே நான் பள்ளிக்கூடத்துக்கு வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

"ஒங்க புள்ள கருப்பாம்மா?" என்று கேட்டாள்.

இப்படித்தான் கேட்டாள். நேராகக் கேட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். திரையை விலக்கியிருப்பாள்.

"இல்லம்மா. என் மக நல்ல நெறம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. சொன்ன உடனே மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படியானால் உள்ளே கிடப்பது என் பிள்ளை இல்லை. யார் பெற்ற பிள்ளையோ, பாவம் என்று நினைத்தேன். பாவம் என்று நினைத்தேன், கருப்பட்டி. திரையைத் தாண்டிப் பத்தடி கூட இருக்காது. திரும்பி நடந்துவிட்டேன். அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன், அத்தை வீடு, கோயில். அன்றைக்கு முழுக்க நடந்தேன். நீ அன்றைக்கு முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறாய். பேர் தெரியாத பிள்ளையாக.

ஜூலை 20, சனி

மாமா வந்தார். படம் எங்கே என்று கேட்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேற்று எழுதியதை அப்படியே சொன்னேன்.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "பைக்கை நிறுத்திட்டு நானும் உள்ள வந்திருந்தா…" என்றார்.

பிறகு எழுந்தார். "ஜாஸ்மின் புள்ளைக்குப் போன் போடு. அசலையே பெருசாப் போடச் சொல்லு. சட்டக்காரனை நான் பாத்துக்கிடுதேன்."

சாயங்காலம் அவரே கொண்டுவந்து இறக்கினார். பழைய வேட்டியில் பொதிந்து, குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஜூலை 21, ஞாயிறு

படத்தைத் திறந்தாயிற்று. மாமாதான் துணியை விலக்கினார். எதிர்வீட்டுச் சண்முகக்கனி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "எட்டீ, நம்ம கருப்பட்டியேதான்!" என்று அலறினாள். அதற்குப் பிறகுதான் எல்லாரும் அழுதார்கள். அடக்கத்தன்றுகூட இப்படி அழவில்லை. அன்றைக்கு யாருக்காக அழுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

தரகரும் வந்திருந்தார். படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

ஜாஸ்மின் ஒரு சின்னப் பென் டிரைவை என் கையில் வைத்து மூடினாள். "தாளும் இதுல இருக்கும்மா. அழிச்சிரட்டுமான்னு யோசிச்சேன். அவ கை பட்டது, மனசு வரல." அழிக்க வேண்டாம் என்றேன். அது நீ எனக்காகச் செய்தது. அதைக் கண்ணை மூடி வைக்கலாம், அழிக்க முடியாது. பென் டிரைவை உன் பச்சைச் சுடிதாரின் பையில், மிட்டாய்த் தாளோடு வைத்தேன்.

எல்லாரும் போய்விட்டார்கள். பாத்திரம் கழுவினேன். விளக்குக்கு எண்ணெய் விட்டேன். உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இடது காதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மற்ற முகத்தோடு ஒரே நிறமாக இருக்கிறது.

நீ கண் முழித்ததும் பதினோரு மணி. நான் அந்த வாசலில் நின்றதும் பதினோரு மணி. வாசல் பக்கமாகப் பார்த்தாயாம். நடுவில் ஒரு துணித் திரைதான். என் குரல் பெரிய குரல். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளை வரிசையில் உட்கார வைக்கிற குரல்.

கருப்பட்டி, அன்றைக்கு நான் சொன்னது உனக்குக் கேட்டதா?